விளக்கை அணைப்பதா, காரணத்தைத் தேடுவதா?



காரில் ஓட்டுநரின் எதிரே உள்ள கருவிப் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேகமானி, பெட்ரோல் அளவு காட்டும் முள் ஆகியவற்றுக்கு நடுவே எஞ்சினின் உருவம் வரைந்த சிறிய மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அது ஒளிரும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணையாமல் ஒளிர்ந்துகொண்டே இருந்தால், எஞ்சினைக் கண்காணிக்கும் சிறு கணிப்பொறி ஏதோ ஒரு குறையைப் பதிவு செய்து வைத்திருக்கிறது என்று பொருள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டின் கார்களிலிருந்து இத்தகைய கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் இது 2010-இல் தொடங்கி, 2013-இல் இரண்டாம் கட்டத்தை அடைந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்பு ஏதேனும் கெட்டால் ஓட்டுநருக்கு உடனே தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

நான் காஞ்சிபுரத்தில் வசிப்பவன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். பத்து வயதைத் தாண்டிய கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு அதில் இந்த மஞ்சள் விளக்கு ஒளிரத் தொடங்கியது. மூன்று மாதங்கள் அது என்னை அலைக்கழித்தது. சில ஆயிரம் ரூபாயும் வீணாயிற்று. அந்த மூன்று மாதங்களில் நானும் மற்றவர்களும் செய்த தவறு, காரோடு முடிந்துபோகும் தவறு அல்ல. நம் பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் அதே தவறு நாள்தோறும் நடக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கணிப்பொறி சொன்னது என்ன?

காரில் ஒரு சிறு கருவியைச் செருகினால், பதிவான குறையின் குறியீட்டைப் படித்துவிடலாம். என் காரில் கிடைத்த குறியீடு பி0171. எஞ்சினுக்குள் எரியும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது இதன் பொருள். இதை மெலிந்த கலவை எனலாம்.

எவ்வளவு காற்று இருக்க வேண்டும்? நீங்களே கணக்கிடலாம். பெட்ரோலின் ஒரு கூறான ஆக்டேனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலக்கூறு முழுமையாக எரிய 12.5 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். அதாவது 114 கிராம் ஆக்டேனுக்கு 400 கிராம் ஆக்சிஜன். காற்றின் எடையில் ஆக்சிஜன் சுமார் 23 சதவீதம். ஆகவே 1 கிராம் ஆக்டேனுக்குச் சுமார் 15 கிராம் காற்று தேவை. பல சேர்மங்களின் கலவையான பெட்ரோலுக்கு இந்த எண் ஏறத்தாழ 14.7.

இந்த விகிதம் பிசகினால் என்ன கெடுதல்? புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி மூன்று நச்சுக்களை ஒரே நேரத்தில் அழிக்கிறது: கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள். சரியான விகிதத்துக்கு மிக அருகில்தான் அதனால் மூன்றையும் அழிக்க முடியும். கலவை மெலிந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் அழியாமல் வெளியேறும். வெயிலில் அவை தரைமட்ட ஓசோன் உருவாகத் துணைபோகும். காந்தி சாலையின் ஓரமாக நடந்து பள்ளிக்குச் செல்லும் உங்கள் நுரையீரலுக்கு அது நல்லதல்ல. ஆகவே அந்த மஞ்சள் விளக்கு கார்க்காரருக்கு மட்டும் உரியதன்று.

கலவை சரியா என்பதைப் புகைக்குழாயில் பொருத்திய ஆக்சிஜன் உணரி கண்டுபிடிக்கிறது. விரலுறை வடிவிலான சிர்க்கோனியா பீங்கான். உள்ளும் புறமும் பிளாட்டினப் பூச்சு. ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் எஞ்சினின் புகை. இரு பக்கங்களிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் தோன்றும். ஜெர்மானிய அறிஞர் நெர்ன்ஸ்ட் 1889-இல் வகுத்த சமன்பாடே இதற்கு அடிப்படை. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் சுமார் 0.1 வோல்ட், மிஞ்சாவிட்டால் சுமார் 0.9 வோல்ட். 1976-இல் வோல்வோ கார்களில் இது முதன்முதலாக இடம்பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த உணரி பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது. ‘பெட்ரோல் குறைவு’ என்பது அதிலிருந்து கணிப்பொறி செய்துகொண்ட ஊகம். ஆக்சிஜன் ஏன் மிஞ்சியது என்பது அந்தக் குறியீட்டில் எங்கும் இல்லை.

மூன்று வைத்தியங்கள்

நான் முதலில் சென்ற பட்டறையில், “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது சார்” என்றார்கள். எதையும் அளந்து பார்க்காமலே புதியது மாட்டினார்கள். நான்காம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. பழைய உணரி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. புதியதும் அதே உண்மையைச் சொன்னது. காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு வேறொன்று வாங்கியது போலாயிற்று என் நிலை.

அடுத்து ஒரு நண்பர், “குறியீட்டை அழித்துவிட்டால் போகிறது” என்று தம் கருவியால் அழித்துக் கொடுத்தார். விளக்கு அணைந்தது. ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு மீண்டும் எரிந்தது. குறை தோன்றிய நொடியில் எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது என்ற விவரங்களையும் கணிப்பொறி குறித்து வைத்திருக்கும். அழித்தபோது அவையும் சேர்ந்து அழிந்தன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மூன்றாவது வைத்தியம் தெருவில் கிடைத்தது. “எல்லாம் இந்தப் புதுப் பெட்ரோலால் வந்தது!” என்றார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவியதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன் கலந்திருந்தது சுமார் 10 சதவீதம். இந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு வேதியியல் இருக்கிறது. எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35 சதவீதம் ஆக்சிஜனே. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியை அது தன்னுடனேயே கொண்டுவருகிறது. ஆகவே அது எரிய 9 மடங்கு எடையுள்ள காற்றே போதும். அளவு மாறாமல் பெட்ரோலைப் பீய்ச்சினால் புகையில் ஆக்சிஜன் மிஞ்சத்தான் செய்யும்.

ஆனால் எவ்வளவு மிஞ்சும்? 10 சதவீதக் கலவைக்குத் தேவையான காற்று சுமார் 14.1 மடங்கு, 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 மடங்கு. வேறுபாடு 4 சதவீதத்தை ஒட்டியது. அந்த அளவைக் கணிப்பொறியே ஈடுகட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் மிஞ்சுவது தெரிந்தால் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். இந்தத் திருத்தம் சுமார் 25 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் பல கார்களில் விளக்கு எரியும். 4 எங்கே, 25 எங்கே! ‘எவ்வளவு’ என்று கேட்காமல் ‘எதனால்’ என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பெட்ரோல் பொருத்தமான குற்றவாளியாகத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், சில நாட்கள் நானும் அப்படித்தான் நம்பினேன்.

தறியில் கற்ற பாடம்

அந்த நாட்களில் ஒரு மாலை, பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் என்றுதான் அவரை அழைப்பேன். தறியில் பாதி நெய்த பட்டுப்புடவை. அதன் கரையில் வரிசையாக அன்னங்கள். கடைசி ஐந்தாறு அன்னங்களுக்கு அலகில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அண்ணன் புடவையைத் தொடவில்லை. தறிக்கு மேலே ஏறி, ஜக்கார்டு அட்டைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

துளையிட்ட அட்டைகள் தறியின் எந்தெந்த நூல் மேலே எழ வேண்டும் என்று கட்டளையிடும் முறையில் இயங்கும் தம் தறிக் கருவியைப் பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804-இல் உருவாக்கினார். துளை உள்ள இடத்தில் நூல் எழும். இல்லாத இடத்தில் எழாது.

“நேரே அட்டைக்குப் போய்விட்டீர்களே, எப்படி அண்ணா?” என்றேன்.

“ஒவ்வொரு அன்னத்திலும் ஒரே இடத்தில் தப்பு வருது, வாத்தியாரே. அப்போ அட்டையிலதான் கோளாறு. நூல் அறுந்திருந்தா விடாம நீளக் கோடா வந்திருக்கும்” என்றார்.

ஓர் அட்டையின் துளையில் தூசு அடைத்திருந்தது. அவர் தேடியது தவறு எங்கே தெரிகிறது என்பதை அல்ல. எந்த ஒழுங்கில் வருகிறது என்பதை. இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கும் நான் என் காரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை!

இரண்டு அளவுகள், இரண்டு சமன்பாடுகள்

மறுநாள் ஒலிமுகமதுபேட்டையில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் சென்றேன். எல்லோரும் அவரைப் பாய் என்பார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, “சார், நின்னுகிட்டு இருக்கும்போது மோசமா, ஓடும்போது மோசமா?” என்பதுதான். பிறகு எஞ்சினை இருவேறு வேகங்களில் ஓடவிட்டு, கணிப்பொறி எவ்வளவு கூடுதல் பெட்ரோல் பீய்ச்சுகிறது என்பதைப் படித்தார். கணக்கிட வசதியாக எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

கார் நிற்கும்போது, எஞ்சின் மெதுவாகச் சுழல்கையில்: உள்ளே செல்வதாக அளக்கப்பட்ட காற்று விநாடிக்கு 3 கிராம், கூடுதல் பெட்ரோல் 28 சதவீதம்.

நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில்: அளக்கப்பட்ட காற்று விநாடிக்கு 12 கிராம், கூடுதல் பெட்ரோல் 10 சதவீதம்.

என் காரில் காற்றை அளப்பது சூடேற்றிய ஒரு மெல்லிய கம்பி. காற்று அதைக் குளிர்விக்கும். அதன் வெப்பநிலை குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதிலிருந்து காற்றின் அளவு தெரியும். ஆனால் இந்தக் கம்பியைத் தாண்டிய பிறகு எங்காவது ஓட்டை இருந்தால், அதன் வழியே நுழையும் காற்று கணக்கில் வராது.

இப்போது உங்கள் இயற்கணிதத்தை எடுங்கள். ஓட்டை வழியே விநாடிக்கு நுழையும் காற்று ‘க’ கிராம் என்போம். வேகம் எதுவானாலும் மாறாமல் இருக்கும் குறை ‘ம’ சதவீதம் என்போம். அப்படியானால்,

100க/3 + ம = 28
100க/12 + ம = 10

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், 25க = 18. ஆகவே க = 0.72 கிராம். அதை மீண்டும் இட்டால், ம = 4 சதவீதம்.

அந்த 4 சதவீதத்தைப் பார்த்ததும் நான் துள்ளிக் குதித்தேன். எத்தனாலுக்கு நாம் கணக்கிட்ட அளவு அதுவே அல்லவா! எண்கள் பொருந்துவது மட்டும் சான்றாகிவிடாது. காற்றளக்கும் கம்பியில் சிறு பிழை இருந்தாலும் இப்படி ஓர் எண் வரலாம். எனினும் ஒன்று உறுதியாயிற்று. புதுப் பெட்ரோல் குற்றவாளி என்றாலும் 28-இல் 4 பங்குக்கு மேல் அதன் மீது சுமத்த இடமில்லை. மீதி 24 ஓர் ஓட்டையின் வேலை.

‘வேகம் மாறினாலும் ஓட்டை வழியே நுழையும் காற்று மாறாது என்று எப்படிக் கொள்ளலாம்?’ என்று நீங்கள் கேட்க வேண்டும். நல்ல கேள்வி. சுமையின்றி ஓடும் எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் காற்றழுத்தம் வெளியழுத்தத்தில் பாதிக்கும் குறைவு. அந்த நிலையில் துளையின் குறுகலில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதன்பின் உள்ளழுத்தம் இன்னும் குறைந்தாலும் காற்றோட்டம் கூடாது. விநாடிக்கு 0.72 கிராம் நுழையச் சுமார் 2.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை போதும்.

பெட்ரோல் பம்பு பலவீனமாகியிருந்தால் நிலைமை தலைகீழாக இருந்திருக்கும். நிற்கும்போது குறை தெரியாது. மேட்டில் ஏறும்போது தெரியும். இவ்வளவையும் பாய் எழுத்தில் கணக்கிடவில்லை. “நிக்கும்போது அதிகம், ஓட ஓடக் குறையுது. காத்து எங்கேயோ உள்ளே போகுது சார்” என்றார். நான் இரண்டு சமன்பாடுகளில் கண்டதை அவர் ஒரு வரியில் சொன்னார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, உறிஞ்சுகுழாய்க்குள் மெல்லிய அழுத்தத்தில் வெண்புகையைச் செலுத்தினார். சில நிமிடங்களில், எஞ்சினின் அடியறையிலிருந்து எண்ணெய் ஆவியைக் கொண்டுவரும் ரப்பர் குழாயின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலிருந்து புகை நூலாக எழுந்தது. வெப்பத்தாலும் வயதாலும் இறுகிய ரப்பரில் ஒரு விரிசல். குழாயின் விலை சில நூறு ரூபாய். (சிலர் ஓட்டையைத் தேட, ஓடும் எஞ்சின் மீது எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பார்கள். நீங்கள் ஒருபோதும் முயலாதீர்கள்.)

குழாயை மாற்றியபின் மீண்டும் அளந்தோம். நம் கணக்கு சரியென்றால் இரு வேகங்களிலும் திருத்தம் ஏறத்தாழ 4 சதவீதமாக வர வேண்டும். புதிய நிலையைக் கணிப்பொறி கற்றுக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. பிறகு இரண்டும் 4-க்கும் 5-க்கும் இடையே வந்து நின்றன. பாய் குறியீட்டை அழிக்கவில்லை. “தானா அணையட்டும் சார், அப்பத்தான் நமக்கும் நம்பிக்கை” என்றார். மூன்று நாள் பயணத்துக்குப் பின் விளக்கு தானாகவே அணைந்தது.

உங்கள் ஆய்வுக்கூடத்து விளக்கு

இனி உங்களிடம் வருகிறேன். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். உங்களுக்கு 9.3 வருகிறது. என்ன செய்கிறீர்கள்? பலர் ஊசலின் காலத்தைச் சற்றே மாற்றி எழுதி 9.8-ஐ வரவழைத்துவிடுகிறார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படிச் செய்தவன்தான். இது குறியீட்டை அழித்து விளக்கை அணைப்பதேயன்றி வேறென்ன? வேறு சிலர், “நிறுத்துக் கடிகாரம் சரியில்லை சார்” என்று இன்னொன்று கேட்கிறார்கள். அது அளந்து பாராமல் உணரியை மாற்றும் வேலை.

இதற்கு மாணவர்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. 9.3 என்று எழுதி, ஏன் அப்படி வந்தது என்று தேடிய மாணவருக்கே அதிக மதிப்பெண் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தேடல் மூன்று மாதம் என் கையில் இல்லாததால்தான் என் கார் நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தெருவில் கக்கிக்கொண்டு திரிந்தது.

தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 20 சென்டிமீட்டர் நூலில் 9.3 வருகிறது. நூலை 100 சென்டிமீட்டர் ஆக்கினால் 9.7 வருகிறது. நீளம் கூடக் கூடக் குறை சுருங்குகிறது! என் காரில் பார்த்த அதே ஒழுங்கு இது. மாறாத ஒரு சிறு பிழை, சிறிய அளவில் பெரிதாகவும் பெரிய அளவில் சிறிதாகவும் தெரிகிறது. அந்தப் பிழை எது? நூலின் நீளத்தைக் குண்டின் மேற்புறம் வரை மட்டும் அளந்திருக்கிறீர்கள். குண்டின் நடுப்புள்ளி வரை அளந்திருக்க வேண்டும். குண்டின் ஆரமாகிய 1 சென்டிமீட்டர் கணக்கில் வராமல் போயிற்று. 20-க்குப் பதில் 21, 100-க்குப் பதில் 101 என்று இட்டுப் பாருங்கள், இரண்டிலும் 9.8 வரும்.

அடுத்த செய்முறை வகுப்பில் விடை பிசகினால் அழிப்பானை எடுக்காதீர்கள். நூலின் நீளத்தை மாற்றி இன்னொரு முறை அளந்து, இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் செல்லுங்கள்.